மில் கேட்டில் கலங்கிப்போனவர்கள்

நீலவேணி மில் கேட்டின் முன்னால் நின்றவர்களெல்லாம் கலங்கிப்போன அன்று கோயமுத்தூர் வெயில் பளிச்சென்றுதான் அடித்துக்கொண்டிருந்தது. மழை இல்லை, மூடுபனி இல்லை, எப்போதும் காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசிகூட இல்லை, ஏனென்றால் வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து சங்கு ஊதாமல், ஒரு நூற்புக் கதிர்கூடச் சுற்றாமல் மில்லே மூச்சடக்கிக் கிடந்தது. கேட்டுக்கு வெளியே சங்கத்து ஆட்களும், கேட்டுக்கு உள்ளே போலீசும், இரண்டுக்கும் நடுவில் கழுத்தில் கேமராவோடு சென்னியப்பனும் நின்றார்கள்.

சென்னியப்பன் மில் காலனியில் போட்டோக் கடை வைத்திருந்தவன். காலனியில் பிறந்த குழந்தை, சடங்கான பெண், மாலை மாற்றிக்கொண்ட ஜோடி, செத்தபின் நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்ட பெரியவர் என்று எல்லாரும் அவனுடைய கேமராவுக்குள் ஒரு தடவையாவது போய்வந்தவர்கள். கடை இருந்தது மில்லுக்குச் சொந்தமான இடத்தில். அதனால் மேனேஜர் ஆளனுப்பிக் கூப்பிட்டு, "கூட்டத்துல முன்னால நிக்கிறவன் மூஞ்சி ஒவ்வொண்ணும் தெளிவா விழணும்ப்பா" என்றபோது அவனால் மறுக்க முடியவில்லை. பஞ்சுக் கிடங்கு எரிந்துபோயிருந்தது. பழைய மின்கம்பி உருகித்தான் எரிந்தது என்று காலனியில் நண்டுசிண்டுக்குக்கூடத் தெரியும். ஆனால் கொளுத்தியது சங்கத்துக்காரர்கள் என்று வழக்கு எழுதியாகிவிட்டது, எழுதிய வழக்குக்கு முகங்கள்தான் இன்னும் கிடைக்கவில்லை. படம் வந்ததும் டைம் கீப்பர் வரதராஜுலு முகம் பார்த்துப் பேர் சொல்வார், இன்ஸ்பெக்டர் தனுஷ்கோடி ஆளைத் தூக்குவார் என்று ஏற்பாடு.

அந்தக் கேமரா, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் கொடுத்துவிட்டுப் போனது. அதில் ஒரு வினோதம், எடுக்கிறவன் கண் லென்ஸ் வழியாகப் பார்க்காது. ஓரத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதில் கிட்டத்தில் இருப்பதும் எட்டத்தில் இருப்பதும் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். ஜன்னலின் நடுவில் மட்டும் மஞ்சளாக ஒரு கட்டம், அந்தக் கட்டத்துக்குள் ஓர் ஆள் இரண்டு ஆளாக விலகித் தெரிவான். வளையத்தைத் திருப்பி அந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தால் அந்தத் தூரம் ஃபோக்கஸாகும். மற்ற தூரமெல்லாம் எப்படிக் கலங்கும் என்பதைப் பிலிமைக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் எந்த லென்ஸ் மாட்டியிருந்தான் என்பதைப் பொறுத்து.

லென்ஸ் மூன்று இருந்தன, மூன்றுக்கும் மூன்று குணம். ஒன்று பித்தளையில் செய்த பழசு, உள்ளே தள்ளி மடக்கி வைக்கலாம். அதில் எடுத்தால் வெளிச்சம் ஓரங்களில் கசியும், வெள்ளைச் சட்டையின் தோளில் பாலாடை படிந்த மாதிரி ஒரு மினுக்கம் வரும், கறுப்பு சாம்பலாகும், சாம்பல் பாலாகும். கல்யாணப் பெண்களுக்கு அவன் அதைத்தான் மாட்டுவான், ஏனென்றால் அது யாரையும் மன்னித்துவிடும். இரண்டாவது கனமானது, வாய் அகன்றது. நடுவில் நிற்கிற ஆள் ஊசிமுனைபோல் தெளிவாக விழுவான், அவனுக்குப் பின்னாலிருக்கும் இலையும் விளக்கும் ஜனமும் வட்டமாகச் சுழன்று, ஆற்றுச் சுழியின் மத்தியில் அவன் மட்டும் காலூன்றி நிற்கிற மாதிரி இருக்கும், மூலைகள் நாலும் இருண்டுவிடும். மூன்றாவது நீளமானது, புதுசு, இரக்கம் இல்லாதது. அம்மைத் தழும்பு, சவரத்தில் விட்டுப்போன மயிர், அழுது துடைத்த கண்ணின் ஈரம் என்று எதையும் விடாமல் எடுத்துவிடும், ஃபோக்கஸுக்கு வெளியே போனால் ஒரு கிளை இரு கிளையாகி எல்லாவற்றுக்கும் இரட்டைக் கோடு விழும்.

அன்று சென்னியப்பன் ஜன்னலில் கண்ணை வைத்ததும் முதலில் தெரிந்தது மாட்டுவண்டிமேல் நின்று பேசிக்கொண்டிருந்த ஆறுக்குட்டியின் முகம். ஆறுக்குட்டி சங்கத் தலைவன், சென்னியப்பனுடைய தங்கை மயிலாத்தாளின் புருஷன். மஞ்சள் கட்டத்துக்குள் அவன் இரண்டு ஆறுக்குட்டிகளாக நின்று, இரண்டு வாயாலும் ஒரே கோரிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தான். சென்னியப்பன் கை வளையத்தைத் திருப்பத் தொடங்கியது, இரண்டும் ஒன்றாகப்போன சமயத்தில் நின்றது, பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, கேட்டில் தொங்கிய பூட்டில் போய் நிலைத்தது. ஷட்டரை அமுக்கினான். மேனேஜர் சொன்னபடி இடம் மாறினான், லென்ஸ் மாற்றினான், ஒவ்வொரு இடத்திலும் முகமில்லாத ஏதாவது ஒன்றைப் பார்த்தே ஃபோக்கஸ் வைத்தான். படம் கெட்டுப்போகும், கை நடுங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் அவன் நினைத்தது. அதற்குமுன் எத்தனையோ படம் அப்படிக் கெட்டிருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

சாயங்காலம் ஆறுக்குட்டி வீட்டுக்கு வந்தபோது மயிலாத்தாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் வந்து நின்ற உருவத்துக்கு உயரம் இருந்தது, அகலம் இருந்தது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் கரைந்த நிறம்தான் இருந்தது. அவனைச் சுற்றிக் கொடியில் காய்ந்த துணிகள் வளைந்து வட்டமாக ஓடின.

"தண்ணி குடு மயிலா" என்றது உருவம்.

குரல் அவனுடையது. சொம்பை நீட்டிவிட்டு, "என்னங்க, இப்படிக் கலங்கிப் போயிருக்கறீங்க?" என்று கேட்டாள்.

"கூட்டத்துல நின்னேன். உன்ற அண்ணன் போட்டோ எடுத்தான்."

"அப்பிடீங்களா" என்று சொல்லிவிட்டு அவள் முறத்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குக் கை ஓடவில்லை என்பது தெரிந்தது.

காலனி இந்தக் கலங்கலை ஏற்றுக்கொண்டது, புது ரேஷன் கார்டையும் தண்ணீர் வராத குழாயையும் ஏற்றுக்கொண்ட மாதிரியே. அகன்ற லென்ஸில் எடுத்த பூட்டுப் படத்தில் விழுந்தவர்கள் சுழிக்காரர்கள் ஆனார்கள், மற்ற இரண்டு லென்ஸில் விழுந்தவர்கள் பால்காரர்களும் ரெட்டைக்கோட்டுக்காரர்களும் ஆனார்கள். நாவிதர் பால்காரர்களின் கன்னம் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், கத்தி ஓடும் சத்தத்தைக் காதால் கேட்டே சவரம் செய்யப் பழகினார். ரெட்டைக்கோட்டுக்காரர்களின் வீட்டில் முதலில் தட்டு இரண்டு வைத்தார்கள், வாய் ஒன்றுதான் என்று தெரிந்ததும் ஒன்றை எடுத்துவிட்டார்கள். கோயிலில் பூசாரி அவர்களுக்கு மட்டும் திருநீற்றை இரண்டு தடவை பூசினார். சுழிக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் தலை கிறுகிறுக்கிறது என்று டவுன் பஸ் கண்டக்டர் அவர்களைக் கடைசி ஸீட்டுக்கு அனுப்பினார், அங்கே அவர்களைச் சுற்றி ஜன்னலும் மரங்களும் சுழன்றன. ஆள் அடையாளம் வேண்டியிருந்த இடங்களில் குரலும் அப்பன் பேரும் போதும் என்றானது. தலைவனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் நாங்கள்தான் என்று சுழிக்காரர்களுக்குக் கொஞ்சம் மிதப்பு வந்தது, கமிட்டியில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று பால்காரர்கள் சண்டை பிடித்தார்கள், பால் வீட்டில் பெண் கொடுக்கமாட்டோம் என்று ஒரு நிச்சயதார்த்தம் நின்றேபோனது.

ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் பயம் இருந்தது. தெருமுனைதோறும் போலீஸ்காரர்கள் நின்றார்கள். கழுவிய படங்களும் கலங்கியிருந்தன, எதிரே போகிற ஆட்களும் கலங்கியிருந்தார்கள், படமும் ஆளும் பொருந்தியே இருந்ததால் சென்னியப்பன்மேல் குற்றம் சொல்லவும் வழியில்லை. இன்ஸ்பெக்டர் தனுஷ்கோடி ஒவ்வொரு படமாகப் பார்த்து மேஜையில் போட்டுவிட்டு, "நீ கெட்டிக்காரன்யா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

கலங்கலைத் தாங்கமாட்டாமல் முதலில் வந்தவன் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் வேலை செய்த சிக்கண்ணன். மீசைக்காரன், கண்ணாடி முன்னால் நின்றால் தன் மீசை தனக்கே தெரியவில்லை என்று அழுதான். "என்னைய மறுபடியும் எடுத்துப் பாருங்ணா. ஒருவேளை செரியாப் போயிருமாட்ட இருக்குது" என்றான். சென்னியப்பன் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, பால் லென்ஸை மாட்டி, கண்ணில் ஃபோக்கஸ் வைத்து எடுத்தான். சிக்கண்ணன் தெளிந்தான். கன்னத்தில் கொஞ்சம் மினுக்கம், மாப்பிள்ளை மாதிரி ஒரு சாந்தம், மற்றபடி அவனேதான். நேரே டீக்கடைக்குப் போய் மீசையை முறுக்கிக்கொண்டு டீ கேட்டான். டீ வருவதற்குள் போலீஸ் வந்தது. கிடங்கைக் கொளுத்திய முதல் குற்றவாளி என்று லாக்கப்பில் போட்டார்கள். அவன் கத்துகிற சத்தம் ஸ்டேஷன் சுவரைத் தாண்டித் தெருவரைக்கும் கேட்டது, தெருவில் நடந்தவர்கள் கேட்காதமாதிரி வேகமாக நடந்தார்கள். அதற்குப் பிறகு தெளிவாக்கு என்று யாரும் வரவில்லை.

ஆனால் பெண்கள் வந்தார்கள். மயிலாத்தாள் ஒருநாள் அண்ணன் கடையில் ஆறுக்குட்டியோடு உட்கார்ந்திருந்தவள், மேஜைமேல் கிடந்த கேமராவைச் சும்மா எடுத்துக் கண்ணில் வைத்தாள். வைத்தவள் வைத்தபடியே இருந்தாள். அந்தச் சின்ன ஜன்னலில் அவள் புருஷன் முகம் தெளிவாக இருந்தது, நெற்றியில் இருந்த பழைய வெட்டுத் தழும்புகூட இருந்தது. "இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். மறுநாள் காலனிப் பெண்களெல்லாம் புருஷன் கையையும் அண்ணன் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு கடை வாசலில் வரிசை கட்டினார்கள். ஜன்னலில் ஒரு நிமிஷம் பார்ப்பார்கள், சிலர் சிரிப்பார்கள், சிலர் புடவைத் தலைப்பால் ஜன்னலையே துடைப்பார்கள்.

அந்த வரிசையைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் டைம் கீப்பர் வரதராஜுலு.

மதியம் இன்ஸ்பெக்டர் அவரோடு கடைக்குள் வந்தார். கேட்காமலே கேமராவை எடுத்தார். தெருவில் கலங்கிய பால்காரன் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். இன்ஸ்பெக்டர் ஜன்னலில் பார்த்தார், வரதராஜுலுவிடம் நீட்டினார். "மாரப்பன்" என்றார் வரதராஜுலு மெதுவாக.

தனுஷ்கோடி கேமராவைக் கவனமாக மேஜையில் வைத்தார். "கலங்கினவன் அத்தனை பேரும் நாளைக் காலையில மில் மைதானத்துல வந்து நிக்கணும். வராதவன் வீட்டுச் சாமான் தெருவுக்கு வரும். இவரு ஜன்னல்ல பாத்துப் பேர் சொல்லுவாரு. சொன்ன ஆளை நீ அங்கயே தெளிவா ஒரு படம் எடுக்கணும். கோர்ட்டுக்கு மூஞ்சி வேணும்யா." வாசலில் நின்று திரும்பினார். "கேமரா கீழ விழுந்துச்சு, காணாமப் போச்சுன்னு வந்தே, சிக்கண்ணன் பக்கத்துல உனக்கும் இடம் இருக்கு."

அவர் போனதும், பின்கட்டில் ஆறுக்குட்டியோடு ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்த மயிலாத்தாள்தான் வெளியே வந்து முதலில் பேசினாள். "கெணத்துல போட்ருங்ணா. எது வந்தாலும் வரட்டும்."

"போட்டா நான் சாகற முட்டும் இப்படியேதான் இருக்கோணும்" என்றான் ஆறுக்குட்டி. அவனைச் சுற்றிக் கடையின் படங்கள் சுவரோடு சேர்ந்து சுழன்றன. "மூஞ்சியக் காட்டாத சங்கத்த எவன் மதிப்பான்? நான் போய் நிக்கறேன் மச்சான். என்னைத் தெளிவா எடு."

"நின்னா சிக்கண்ணனாட்ட மிதிச்சுக் கொன்னுபோடுவாங்க! அவரு கத்தறது உங்க காதுல உழுகறதில்லீங்களா?"

"உழுகுது. அதுக்குத்தான் போறேன்."

சென்னியப்பன் பையைத் திறந்தான். மெல்லிய துணியை எடுத்து மூன்று லென்ஸையும் ஒவ்வொன்றாகத் துடைத்தான், துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

காலையில் மைதானத்தின் சுவரோரம் அவர்கள் நின்றார்கள், பாலும் சுழியும் இரட்டைக்கோடுமாக, நூலும் சாயமும் கொட்டிக் கலந்த மாதிரி ஒரு பெரிய கலங்கல். அவர்களுக்கு முன்னால் லத்தியோடு போலீஸ்காரர்கள். போலீசுக்கு முன்னால் குடைக்கு அடியில் நாற்காலி போட்டு மேனேஜர், பக்கத்தில் இன்ஸ்பெக்டர். வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பெண்கள். சென்னியப்பன் எதிரே நின்றான், அவன் தோளுக்குப் பின்னால் வரதராஜுலு. கொடிக்கம்பத்தில் கயிறு அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"முதல்ல பத்திரிகைக்கு ஒண்ணு எடுத்துரு" என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு. "நாங்க முன்னால, அவனுங்க பின்னால."

சென்னியப்பன் பைக்குள் கைவிட்டான். எந்த லென்ஸ் என்று விரலுக்குத் தெரிந்தது. "எல்லாரும் சித்தெ பின்னால தள்ளிக்கோங்க. யாரும் உட்டுப் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் குத்துக்காலிட்டான். அவனுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடுவில், தரையோடு தரையாக, ஒரு நெருஞ்சிச் செடி பூத்திருந்தது. மஞ்சள் கட்டத்துக்குள் பூ இரண்டாக இருந்தது. வளையத்தை அது திரும்புகிற மட்டும் திருப்பினான். பூவும் பூவும் ஒன்றானதும் அமுக்கினான்.

முதலில் மேனேஜரின் குடை ஓரங்களில் கசிந்தது. பிறகு காக்கி சாம்பலாகி, சாம்பல் பாலாகி, தோளில் இருந்த நட்சத்திரங்கள் வெளிச்சத்தில் கரைந்தன. சுழிக்காரர்களின் சுழல் நின்றது, இரட்டைக் கோடுகள் இளகி ஒன்றாயின. சுவரிலிருந்து நாற்காலிவரை மைதானம் முழுக்க ஒரே பாலாக இருந்தது, அதில் எது சட்டை, எது சீருடை, எது லத்தி என்று சொல்ல எந்தக் கண்ணாலும் ஆகவில்லை.

"பிடிங்கடா அவனை!"

"யாரை சார்?"

"யார்ரா அது பிடிங்கடாங்கிறது?"

"நான்தான்டா இன்ஸ்பெக்டர்!"

"இல்ல, நான்தான் இன்ஸ்பெக்டர்" என்றது வேறொரு குரல். சுவரோரமாக இன்னொரு குரல், "நானுந்தானுங்க" என்றது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு லத்தி எங்கோ விழுந்தது, "ஐயோ, நான் ஏட்டுடா!" என்று ஒருவர் அலறினார். அதன்பின் லத்திகள் தூக்கியபடி தூக்கிய இடத்திலேயே நின்றன, ஏனென்றால் அடிபடப்போவது யார் என்று அடிக்கிறவனுக்குத் தெரியவில்லை. உறையிலிருந்து துப்பாக்கி உருவப்படுகிற சத்தம் கேட்டது. வேலிக்கு வெளியே பெண்கள் தரையோடு குனிந்தார்கள். சென்னியப்பன் குத்துக்காலிட்டபடியே இருந்தான், எழுந்தால் முதல் குண்டு தனக்கு என்று அவனுக்குத் தோன்றியது, எழாவிட்டாலும் தனக்குத்தான் என்றும் தோன்றியது.

அப்போது ஆறுக்குட்டியின் குரல் வந்தது, மாட்டுவண்டிமேல் நின்று பேசும்போது இருக்கிற அதே நிதானத்தோடு. "யாரும் ஓடாதீங்க. யாரும் அடிக்காதீங்க. நின்ன எடத்துலயே அப்படியே உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்தார்கள், நிற்பவன் போலீஸ் என்று தெரிந்துவிடும் என்பதால் போலீஸ்காரர்களும் உட்கார்ந்தார்கள், கடைசியில் துப்பாக்கி வைத்திருந்தவரும் உட்கார்ந்தார். சென்னியப்பன் எழுந்து கேமராவை வரதராஜுலுவின் கையில் கொடுத்தான். அவர் ஜன்னலில் நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் நல்லாத் தெரியறாங்கப்பா" என்றார். "யார் பேரச் சொல்றது, யார்கிட்டப் போய்ச் சொல்றது?" கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

டவுனிலிருந்து ஒரு வேன் வந்தது. அதிலிருந்து இறங்கிய அதிகாரி, இங்கே பொறுப்பில் இருப்பவர் யார் என்று கேட்டார், நான் என்று எழுந்த உருவங்களையெல்லாம் பார்த்தார், பார்க்க முடியாத ஆளிடமிருந்து பொறுப்பு வாங்கிக்கொள்ள விதியில் இடமில்லை என்று சொல்லி ஏறிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து கடை வாசல் வரிசையில் போலீஸ் குவார்ட்டர்ஸ் பெண்களும் நின்றார்கள். முதலில் தள்ளித் தள்ளி நின்றார்கள். பிறகு ஏட்டு மனைவிக்குக் கேமராவைப் பிடிக்கும் விதத்தை மயிலாத்தாளே சொல்லிக்கொடுத்தாள். சிக்கண்ணன் மட்டும் லாக்கப்பிலேயே இருந்தான். மைதானத்துக்கு வராமல் ஸ்டேஷனில் காவலுக்கு இருந்த சென்ட்ரிதான் அங்கே தெளிவாக இருந்த ஒரே போலீஸ்காரர், அவர் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வர்றவன் எல்லாம் நான்தான் இன்ஸ்பெக்டர்ங்கறான்" என்று யாரையும் படியேற விடவில்லை.

ஒரு மத்தியானம், வரிசை கலைந்த நேரத்தில், ஒரு பால் உருவம் கடைக்குள் வந்து கதவைச் சாத்தியது. இடுப்புப் பக்கம் கனமாக ஏதோ தொங்கியது. அது பேசுமுன்பே சென்னியப்பனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மயிலாத்தாள் மேஜைக்குப் பக்கத்தில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னை எடு" என்றார் தனுஷ்கோடி.

சென்னியப்பன் பையை எட்ட நகர்த்தி வைத்தான். "சிக்கண்ணனை உடுங்க. எடுக்கறேன்."

"விடுறதுக்கு நான் யாருன்னு தெரியணுமேய்யா! என் ஸ்டேஷன்ல என்னையே படியேற விடமாட்டேங்கிறான்." குரல் உயர்ந்தது, உடனே தணிந்தது. "வீட்டுல என் சம்சாரம் சோத்தை வாசல்ல வச்சுட்டுக் கதவைச் சாத்திக்கிறா. பரதேசிக்கு வைக்கிற மாதிரி."

"மூஞ்சி வந்ததும் எங்களப் புடிச்சு உள்ள போட மாட்டீங்கன்னு என்னங்க நிச்சயம்?"

அந்த உருவம் சுவரில் மாட்டியிருந்த படங்களின் பக்கம் திரும்பியது. வெளியே ஒரு லாரி போனது, கண்ணாடிகள் அதிர்ந்தன. சென்னியப்பன் தங்கையைப் பார்த்தான். புருஷன் முகத்தைத் தினம் ஒரு நிமிஷம் ஜன்னலில் எட்டிப் பார்த்து வாழ்ந்துகொண்டிருந்தவள் அவள். சாபம் கொடுக்க வேண்டிய முகம் எது என்று பார்க்கிறவள்போல் மயிலாத்தாள் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். ஜன்னலில் சவரம் செய்யாத ஓர் ஆள் நின்றார். கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஆளின் முகம்.

அவள் கேமராவை இறக்கினாள். "எடுத்துருங்ணா" என்றாள்.

"அம்மிணி..."

"மூஞ்சி இல்லாத ஆள்கிட்டப் போய் எப்படீங்ணா நாயம் கேக்கறது?"

தனுஷ்கோடி ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைத் தேடிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு எடுப்பியாமே, அந்தப் பழைய லென்ஸ்ல எடு" என்றார்.

"அது வேண்டாங்க. அது எல்லாத்தையும் மன்னிச்சுரும்" என்றான் சென்னியப்பன். நீளமான லென்ஸை எடுத்துத் திருகினான். விரல் நடுங்கிற்று, இந்தத் தடவை உண்மையாகவே. ஜன்னலின் மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு தனுஷ்கோடிகள் இருந்தார்கள், இரண்டு பேரும் பயந்திருந்தார்கள். அவர்களை ஒன்றாக்கி, இமைகூட மயிர் மயிராகப் பிரிந்து நிற்கும்வரை பொறுத்து, அமுக்கினான்.

அவர் வெளியே வந்தபோது தெரு நின்றுவிட்டது. அப்படி ஒரு தெளிவை யாரும் ஒரு முகத்தில் பார்த்ததில்லை. அவர் எத்தனை வேளை சாப்பிடவில்லை என்பது தெரிந்தது, மேனேஜருக்கு எதிரே உட்காரும்போது எப்படிக் கூனுவார் என்பது தெரிந்தது. போலீஸ் முறைப்பை வரவழைத்துப் பார்த்தார், அதற்கு அடியில் இருப்பதும் சேர்ந்தே தெரிந்ததால் விட்டுவிட்டார். நடந்தார். பின்னாலேயே மயிலாத்தாள் நடந்தாள், வீடுகளிலிருந்து காலனிப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள், குவார்ட்டர்ஸ் பெண்களும் வந்தார்கள், சென்னியப்பன் கடையைப் பூட்டாமல் ஓடிவந்தான்.

ஸ்டேஷன் படியில் சென்ட்ரி விறைப்பாக சல்யூட் அடித்தார். தனுஷ்கோடி படியேறித் திரும்பினார். இனி ஒரு வார்த்தை சொன்னால் போதும், சென்ட்ரியிடம் துப்பாக்கி இருந்தது, எதிரே இருந்தவர்கள் கையில் ஒன்றுமில்லை. தான் செய்தது சரியா என்று சென்னியப்பனுக்கு அந்த நிமிஷத்தில் தெரியவே இல்லை.

"கிடங்கு எப்படீங்க எரிஞ்சுது?" என்று மயிலாத்தாள் கேட்டாள். கத்தவில்லை, பக்கத்து வீட்டில் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

தனுஷ்கோடி வாயைத் திறந்தார். "சங்கத்து ஆளுங்க..." என்று தொடங்கினார். ஆனால் கரிந்த கிடங்குக்குள் அவர் குனிந்து பார்த்ததும், உருகிய கம்பியை ஷூவால் தள்ளி மூடியதும் அவர் முகத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்துகொண்டிருந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு நடுவில் அவருடைய மனைவியும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பிதான்" என்றார் கடைசியில். "உருகிக் கெடந்துச்சு. நான் பாத்தேன்." சென்ட்ரியைப் பார்த்து, "திற" என்றார்.

வழக்கு விழுந்ததும், மேனேஜர் தன் முகத்தைக்கூட வாங்கிக்கொள்ளாமல் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனதும், கோரிக்கைகளில் பாதியை மில் ஒத்துக்கொண்டு மறுபடி சங்கு ஊதியதும், சங்கத்துக்காரர்களும் போலீஸ்காரர்களும் ஒரே பெஞ்சில் காத்திருந்து சென்னியப்பனிடம் தெளிந்துகொண்டு போனதும், இப்படியே சௌகரியமாக இருக்கிறது என்று சிலர் கடைசிவரை வராமலே இருந்ததும் பின்னால் நடந்தவை. அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். உள்ளே சாவி திரும்பியது. சிக்கண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். மீசையின் ஒருபக்கம் இல்லை, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, அதற்குமேலும் பால் லென்ஸின் அந்தச் சாந்தம் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்தவன் இன்ஸ்பெக்டரின் எதிரே நின்றான். எல்லாரும் ஏதோ நடக்கப்போகிறது என்று விலகினார்கள். சென்ட்ரியின் கை துப்பாக்கியில் இறுகியது. சிக்கண்ணன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அந்த முகத்தை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, அவசரமில்லாமல் பார்த்தான்.

"உங்களுக்கும் தூக்கமே இல்லீங்களாட்ட இருக்குது" என்றான்.

தனுஷ்கோடி சொல்லித்தான் தெரியவேண்டும் என்று இருக்கவில்லை.